மாற்று இதயத்தோடு இருப்பவருக்குப் பித்தப்பை ஆபரேஷன்: மயக்க மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரருக்கு 44 வயது. இதயம் வீங்கிப் பலவீனமாகி, ஐந்து வருடத்துக்கு முன்னால் சென்னையில் மாற்று இதயம் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார். இரண்டு கறவை மாடும் கொஞ்சம் தோட்டமும் உண்டு, அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சில மாதமாகச் சாப்பிட்டதும் வலது பக்கம் வயிற்று வலி வருகிறது. ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்றார்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். ஆனால் முன்பரிசோதனையில் நாடித்துடிப்பு 98 இருக்கிறது, ஈசிஜியும் சரியில்லை, சென்னைக்கே போய்விடுங்கள் என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவ்வளவு கெட்டுப்போன இதயத்துக்கே மயக்கம் கொடுத்தார்களே, இன்றைக்கு நல்ல இதயம் இருக்கும்போது ஏன் பயப்படுகிறார்கள்? முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி போட்டால் ஆபத்து இல்லை என்று என் அண்ணன் சொல்கிறார், உண்மையா? வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லும் நாளில் அவருடைய மாத்திரைகளை என்ன செய்வது? வார்டில் நான்தான் உடன் இருக்கப்போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்கப் போகலாமா என்றும் அவர் கேட்கச் சொன்னார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 98. அது நோய் இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் இதயம் இயல்பாகத் துடிக்கிற வேகமே அதுதான்.

நம் எல்லோருக்கும் மூளையிலிருந்து வேகஸ் என்ற நரம்பு இறங்கி வந்து, இதயத்தை எந்நேரமும் அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70, 75 என்று துடிக்கிறது. ஓட வேண்டிய நேரத்தில் வேறொரு நரம்புக் கூட்டம் இதயத்தை முடுக்கிவிடும். கொடையாளரின் உடலிலிருந்து இதயத்தை எடுக்கும்போது இந்த இரண்டு வகை நரம்புகளுமே அறுபட்டுவிடும். புது உடலில் வைக்கும்போது பெரிய ரத்தக் குழாய்களைத் தைத்துச் சேர்க்கிறார்கள். நரம்பைத் தைத்துச் சேர்க்க உலகத்தில் யாராலும் முடியாது. ஆண்டுகள் போகப் போகச் சிலருக்குக் கொஞ்சம் நரம்பு முளைத்து வருவதுண்டு, ஆனால் அது அரைகுறையானது, அதை நம்பி எதுவும் செய்ய முடியாது. அடக்கிப் பிடிக்க நரம்பு இல்லாத இதயம் தன் போக்கில் 90 முதல் 110 வரை துடிக்கும். ஈசிஜியிலும் மாற்றம் இருப்பது வழக்கம். பழைய முறையில் தைத்திருந்தால், அவருடைய சொந்த இதயத்தின் மேலறையில் ஒரு பகுதி அப்படியே விடப்பட்டிருக்கும். அது தனியாக ஒரு அலையை எழுப்பும், புது இதயம் தன் அலையை எழுப்பும். ஈசிஜியில் மேலறையின் துடிப்பைக் காட்டும் பி அலைகள் ஒரே தாளில் இரண்டு வகையாகத் தெரியும். முதல்முறை பார்ப்பவருக்கு அது குழப்பமாகத்தான் இருக்கும். சென்னையில் கடைசியாக எடுத்த ஈசிஜியைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த மயக்க டாக்டர் மீது வருத்தப்படாதீர்கள். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு ஆபரேஷனுக்கு ஏற்றுவதைவிட, யோசிக்க வேண்டும் என்று நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் "சென்னைக்குப் போங்கள்" என்ற ஒற்றை வரியோடு உங்களை அனுப்பியிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2008-இல் ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்தார்களே, அதற்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக் கொடை இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. மாற்று இதயத்தோடு ஊர் திரும்பி மாடு பார்க்கிறவர்கள், கடை நடத்துகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்கள் தென் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குடலிறக்கம் வரும், கால் முறியும், பித்தப்பையில் கல் வரும். (இதயம் மாற்றியவர்களுக்குப் பித்தப்பைக் கல் மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது.) ஒவ்வொரு முறையும் 450 கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் தீர வேண்டும் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு வரும் அவசரத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் மயக்க மருத்துவர்களும் வார்டு சிஸ்டர்களும் இந்த இதயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். அவர்களிடமும் காட்டுங்கள்.

நீங்கள் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றைக்குக் கொடுத்தார்களே, இன்றைக்கு ஏன் பயம்?

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் கதவுக்கு வெளியே இருந்திருப்பீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: எங்கோ ஒரு மருத்துவமனையில் இதயம் கிடைத்திருக்கிறது என்று போன் வரும். நோயாளி அப்போதுதான் சாப்பிட்டிருப்பார். வயிறு காலியாகும் வரை காத்திருக்க நேரம் கிடையாது. ஏனென்றால் வெளியே எடுத்த இதயத்தை ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் புது உடலில் ஓடவிட்டாக வேண்டும். அங்கே எடுக்கிற குழுவும் இங்கே திறக்கிற குழுவும் நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். கொண்டுவரும் இதயம் நல்லபடியாக இருக்கிறது என்று அங்கிருந்து உறுதி வந்த பிறகுதான் இங்கே மயக்கத்தைத் தொடங்குவார்கள். தூங்கவைப்பதற்கு முன்பே மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு, ஒவ்வொரு துடிப்பின் ரத்த அழுத்தமும் திரையில் தெரியும்படி வைத்திருப்பார்கள். பலவீனமான இதயம் ரத்தத்தை மெதுவாகத்தான் தள்ளும். கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச் சேரவே கூடுதல் நேரம் ஆகும். இன்னும் தூங்கவில்லையே என்று அவசரப்பட்டுக் கூடக் கொடுத்தால், இரண்டு பங்கும் ஒன்றாகப் போய் இறங்கி இதயத்தை நிறுத்திவிடும். இந்த இடத்தில் மயக்க மருத்துவருக்கு வேண்டியது பொறுமை. அத்தனைக்கும் பக்கத்தில் இதய நுரையீரல் இயந்திரமும் அதை இயக்கத் தயாராக ஆளும் நின்றிருப்பார்கள்.

புது இதயத்தைத் தைத்து முடித்ததும் அடுத்த கவலை தொடங்கும். பல மாதம், பல வருடம் இதயம் செயலிழந்து கிடந்தவர்களுக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். புது இதயத்தின் வலது பக்கம் அந்த அழுத்தத்துக்குப் பழகியதில்லை, திணறும். அதற்காக நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுவாசத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். துடிப்பு குறையாமல் இருக்க ஐசோப்ரினலின் என்ற மருந்து ஓடும். இதயத்தின் மேல் மெல்லிய கம்பி வைத்து, தேவைப்பட்டால் மின்சாரத்தால் துடிக்கவைப்பார்கள். ஐசியுவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று, மணிக்கு ஒருமுறை சிறுநீர் அளந்து, மார்புக் குழாயில் வரும் ரத்தத்தை அளந்து, ஒவ்வொரு முறை தொடும்போதும் கையைக் கழுவிக்கொண்டு அவரைப் பார்த்திருப்பார்கள். அத்தனை பேரும் இந்த ஒரே வேலைக்குப் பழகியவர்கள்.

ஆக, அன்று இருந்த ஆபத்து பெரியது, ஆனால் அதைத் தெரிந்தவர்கள் சுற்றி நின்றார்கள். இன்று இருக்கும் ஆபத்து அதைவிட மிகவும் சிறியது. சுற்றி நிற்பவர்களுக்கு அது பழக்கமில்லாதது, அவ்வளவுதான்.

பழக்கமில்லாதவர்களுக்குத் தெரிய வேண்டியது என்ன? நரம்பு இல்லாத இதயத்துக்குச் செய்தி ரத்தத்தின் வழியாக மட்டுமே போகும். அட்ரினலின் சுரந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றி வந்து இதயத்தைத் தொட்ட பிறகுதான் அது வேகமெடுக்கும். வைகை அணையில் திறந்துவிட்ட தண்ணீர் மதுரைக்கு உடனே வந்துவிடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி ஒரு தாமதம் இதில் இருக்கிறது, சில நிமிடங்கள். உங்கள் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வேகமாக நடக்கத் தொடங்கினால் ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும், வேலையை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார்.

ஆபரேஷன் தியேட்டரில் இதனால் வரும் வித்தியாசங்கள் சில உண்டு. நாடி மெதுவானால் மயக்க மருத்துவர்களான எங்கள் கை பழக்கத்தில் அட்ரோபினைத்தான் எடுக்கும். அட்ரோபின் வேகஸ் நரம்பின் பிடியை விலக்குகிற மருந்து. இங்கே விலக்குவதற்குப் பிடியே இல்லை, எனவே வேலை செய்யாது. அதே காரணத்தால் கிளைகோபைரோலேட்டும் இதயத்தை முடுக்காது. இதயத்தை நேராகப் போய்த் தொடும் அட்ரினலின், ஐசோப்ரினலின், டோபுடமின் போன்றவை நன்றாக வேலை செய்யும். அவற்றை முன்கூட்டியே கலந்து வைத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் எஃபெட்ரின் பாதி வேலைதான் செய்யும். தாறுமாறாக வேகமெடுத்த துடிப்பை அடக்கும் அடினோசின் கொடுக்க நேர்ந்தால் வழக்கமான அளவு இவர்களுக்கு அதிகம், குறைக்க வேண்டும். கடைசியில் தசைத் தளர்ச்சியை மீட்க நியோஸ்டிக்மின் போடும்போது அபூர்வமாகச் சிலருக்குத் துடிப்பு படுத்துவிடும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். இவை எதுவும் புது வித்தை இல்லை. முன்பே யோசித்து வைத்திருந்தால் மதுரையில் கிடைக்காத மருந்து இதில் ஒன்றுகூட இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. ரத்த அழுத்தம் இறங்கினால் நம் இதயம் உடனே வேகமாகத் துடித்துச் சமாளிக்கும். இவருடைய இதயத்துக்கு அந்த வழி உடனே கிடையாது. உள்ளே நிறைந்து வரும் ரத்தத்தை வைத்துத்தான் அது தள்ளும் அளவைக் கூட்டிக்கொள்ள முடியும். உடம்பில் நீர் குறையவே கூடாது என்பது இதனால்தான். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் மத்தியானம் இரண்டு மணி வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயப்போடுவது யாருக்கும் நல்லதில்லை, இவருக்கு ஆபத்து. அன்றைய பட்டியலில் முதல் ஆளாக அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாமா என்று மயக்க டாக்டரிடமே கேட்டு அவர் சொல்லும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் சலைன் ஏற்றுவார்கள்.

உங்கள் அண்ணன் சொன்னதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. முதுகில் போடும் ஊசி இடுப்புக்குக் கீழே இருக்கும் ரத்தக் குழாய்களை ஒரேயடியாக விரித்துவிடும். ரத்தம் கால்களில் தங்கும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், அழுத்தம் சட்டென்று இறங்கும். மற்றவர்களுக்கு இதயம் ஓடிச் சமாளித்துவிடும். இவருக்கு அது நடக்காது. முதுகு ஊசியே கூடாது என்று இல்லை, சில ஆபரேஷன்களுக்கு மெதுமெதுவாக ஏற்றும் எபிடியூரல் முறையில் கவனமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் முழு மயக்கம் என்றால் ஆபத்து, முதுகு ஊசி என்றால் ஆபத்தில்லை என்று ஊரில் இருக்கும் நம்பிக்கை இவர் விஷயத்தில் தலைகீழ். வயிற்றில் வாயுவை நிரப்பி, சின்னத் துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி செய்வதற்கு, மூச்சுக்குழாயில் குழாய் வைத்துக் கொடுக்கும் முழு மயக்கம்தான் பொருத்தம். வாயுவை மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் நிரப்பச் சொல்லி சர்ஜனிடம் மயக்க டாக்டர் கேட்டுக்கொள்வார். இதில் ஒரு நல்லதும் உண்டு. மற்றவர்களுக்கு வயிறு விரியும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு திடீரென்று படுத்துவிடுவதுண்டு. இவருக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

சரி, மதுரையா, சென்னையா? என் கருத்தைச் சொல்கிறேன். சென்னையில் இதயம் மாற்றிய குழுவிடம் பேசாமல் எங்கேயும் செய்யக் கூடாது. அவர்களுடைய ஒருங்கிணைப்பாளரின் எண் உங்களிடம் இருக்கும். இன்றே பேசி, மதுரை டாக்டரையும் அவர்களையும் நேரடியாகப் பேசவையுங்கள். நடுவில் நீங்கள் தூது போக வேண்டாம். கடைசி எக்கோ, கடைசி ஆஞ்சியோகிராம், இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த கடைசி பயாப்ஸி, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் மேஜைக்கு வர வேண்டும். உடல் அந்த இதயத்தை நிராகரிக்கும் அறிகுறி ஏதாவது இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டும். எல்லாம் நன்றாக இருந்து, நீங்கள் பார்க்கும் மருத்துவமனையில் இதய ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரும், எக்கோ பார்க்க ஆளும், ஐசியு படுக்கையும் இருந்தால் மதுரையிலேயே செய்துகொள்ளலாம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சென்னைக்குத்தான் போவேன்.

எங்கே என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். அவர் சாப்பிடும் பிரெட்னிசலோன் மாதிரியான ஸ்டீராய்டு மாத்திரைகள் காய்ச்சலையும் வயிற்று வலியையும் மறைத்துவிடும். பித்தப்பை சீழ் பிடித்தாலும் வயிறு மிருதுவாகவே இருக்கும், காய்ச்சல் 99-ஐத் தாண்டாது, சாதாரண வாயுத் தொல்லை என்று நினைத்திருப்பீர்கள். தேதி குறித்து, நிதானமாக, பகலில் செய்யும் ஆபரேஷன்தான் இவருக்குப் பாதுகாப்பு. அதே சமயம், காத்திருக்கும் நாட்களில் கடும் வலி, வாந்தி, கண் மஞ்சள், காய்ச்சல் என்று எது வந்தாலும் சென்னை ரயிலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம். வாசலில் கால் வைத்ததும் "இவருக்கு மாற்று இதயம்" என்று சொல்லுங்கள்.

மாத்திரைகள். உடல் இதயத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸையும் மைக்கோபினோலேட்டையும் ஒரு வேளைகூட விடக் கூடாது. "வெறும் வயிறு" என்று சொன்ன நாளிலும் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். இதை மயக்க டாக்டரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலை ஷிஃப்டுக்கு வரும் சிஸ்டர் நல்ல எண்ணத்தில் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவார். ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்து மாத்திரை வெளியே வந்துவிட்டால் உடனே சொல்லுங்கள், வேறு வழியில் கொடுக்க ஏற்பாடு செய்வார்கள். பிரெட்னிசலோனைப் பல வருடம் சாப்பிட்டவர் என்றால், ஆபரேஷன் நேரத்தில் ஸ்டீராய்டு ஊசி கூடுதலாகத் தேவைப்படலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்பிரின் மாத்திரைகளை மட்டும் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

வலிக்கு ஊசி என்றாலே நம் ஊரில் டைக்ளோஃபெனாக்தான். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குச் சுமை. அதோடு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சேர்ந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். பாராசிட்டமாலும், வேண்டுமானால் மயக்க டாக்டர் தரும் வேறு வலி மருந்துகளும் போதும். கிருமிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுக்கனசோல் இவையெல்லாம் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அதைக் கீழே இறக்கிவிடும். ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து. புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும், கடையில் வாங்குவதற்கு முன் சென்னைக்கு ஒரு போன் போடுங்கள்.

இனி வார்டைப் பற்றி. இந்தப் பகுதியைச் சிஸ்டர்களிடம் அப்படியே படிக்கக் கொடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் நாடிதான் வேகமெடுக்கும், அதைப் பார்த்துத்தான் நர்ஸ்கள் உஷாராவார்கள். இவருக்கு நாடி முதலில் எதுவும் காட்டாது. நாடி வழக்கம்போல 100-இல் இருக்கிறது, பரவாயில்லை என்று போய்விடக் கூடாது. சிறுநீர் குறைகிறதா, கை கால் சில்லிடுகிறதா, முகம் வெளுக்கிறதா, ரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வலி இருந்தாலும் நாடி உடனே ஏறாது. எனவே திரையைப் பார்த்து வலியில்லை என்று முடிவு கட்டாமல் அவரையே கேளுங்கள். மருந்தால் சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பும் இவருக்குச் சரியாகத் தெரியாது. படுக்கையிலிருந்து எழுப்பும்போது முதலில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, சில நிமிடம் கழித்து நிற்கவையுங்கள்.

மாரடைப்பு வந்தாலும் இவருக்கு நெஞ்சு வலிக்காமல் போகலாம். வலியைச் சொல்லும் நரம்பும் அறுபட்ட நரம்புகளில் சேர்ந்ததுதான். மாற்று இதயத்தின் ரத்தக் குழாய்கள் வருடங்கள் போகப் போகச் சுருங்கக்கூடும், அதைக் கண்டுபிடிக்கத்தான் குறித்த காலத்தில் ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள். திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, வியர்வை, கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை ஏறுவது, இதுதான் இவருடைய நெஞ்சு வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தொற்று. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று ஆபரேஷனைச் செய்தார். அந்த நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் உயிரோடு இருந்தார். அவரைக் கொண்டுபோனது நிமோனியா. உடல் புது இதயத்தை ஒதுக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்தார்கள், அதுவே கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது. மருந்துகள் இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டன, இந்தியாவில் 1994-இல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் வெற்றிகரமாகச் செய்ததிலிருந்து இங்கேயும் வெகுதூரம் வந்துவிட்டோம். ஆனாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவதைவிடப் பெரிய மருத்துவம் வார்டில் எதுவும் இல்லை. தேவையில்லாத ஊசி, தேவையில்லாத குழாய் ஒன்றுகூட உடம்பில் இருக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் வைத்தால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். மூச்சுக்குழாயை மூக்கு வழியாகப் போடாமல் வாய் வழியாகப் போடுவது நல்லது. கழுத்தின் வலது பக்கச் சிரை பயாப்ஸிக்காகச் சென்னைக் குழு பயன்படுத்தும் வழி, முடிந்தவரை அதைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் வெள்ளையணு நீக்கிய ரத்தம் வேண்டும் என்று முன்பே ரத்த வங்கிக்குச் சொல்லி வையுங்கள். மற்ற நோயாளிகளோடு பொது வார்டில் போடாமல் தனி அறை கேளுங்கள்.

சகோதரி, இதில் உங்கள் பங்கு கொஞ்சம் சங்கடமானது. ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் ஊரே வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கும், அது நம் மக்களின் பாசம். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்த உங்களுக்கு மனசு வராது. உங்கள் அண்ணனை வாசலில் உட்காரவைத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ளே வரவே வேண்டாம். வாங்கி வரும் இளநீரையும் அவருக்குக் கொடுக்காதீர்கள். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், அது மாத்திரையின் அளவைக் கூட்டும். "எதிர்ப்புச் சக்தி வரட்டும்" என்று யாராவது நிலவேம்புக் கஷாயமோ சீந்தில் பொடியோ கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், கொடுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்துத்தான் அந்த இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகு காயம் ஆறும் வரை மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவர் போக வேண்டாம். அதற்குப் பிறகும் வைக்கோல் உதறுவது, சாணம் அள்ளுவது, எருக்குழியைக் கிளறுவது இவற்றை அவரிடமிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். பூஞ்சை பிடித்த வைக்கோல் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் பறக்கும். நமக்குத் தும்மலோடு போய்விடுவது அவருக்கு நுரையீரல் நோயாகிவிடலாம். மாட்டை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போவது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது பிறகு செய்யலாம். கொட்டகை வேலையை நீங்கள் செய்தால் குளித்து, உடை மாற்றி, கை கழுவிய பிறகே அவர் காயத்தைத் தொடுங்கள். பாலை நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள். பழைய சோறு, கடை ஐஸ், வெளியே நறுக்கி வைத்த பழம் வேண்டாம். கீழவாசல் பக்கம் போனால் ஜிகர்தண்டாவும்தான், வருத்தமாக இருந்தாலும்.

அழகரைப் பற்றிக் கேட்டிருந்தார். ஆற்றில் இறங்குகிற அன்று லட்சக்கணக்கில் ஜனம், தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது, விடிய விடிய நின்று உடம்பும் காய்ந்துவிடும். இந்த வருடம் டிவியில் பார்க்கட்டும். காயம் ஆறி, சென்னையில் சரி என்று சொன்ன பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில் மாஸ்க் போட்டு அழகர்கோயிலுக்குக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். அவர் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். அதில் இப்படி எழுதுங்கள்: "எனக்கு மாற்று இதயம் வைத்திருக்கிறார்கள். என் நாடி எப்போதும் 90-க்கு மேல் இருக்கும். அட்ரோபின் எனக்கு வேலை செய்யாது. நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். டைக்ளோஃபெனாக் கொடுக்க வேண்டாம். என் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். இந்த எண்ணுக்குப் பேசுங்கள்." கீழே சென்னை எண்ணும் உங்கள் எண்ணும். அப்புறம், ஆபரேஷன் முடிந்த சில நாட்களுக்குள் டாக்ரோலிமஸ் அளவையும் கிரியேட்டினினையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்து, புது மருந்துகள் சேர்ந்த நேரத்தில் அளவு மாறியிருக்கும். ரத்தம் எடுக்கும் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது, கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த உடனே அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டு எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள்.